ஹியூபர்ட் வில்கின்ஸ்

சர் ஜார்ஜ் ஹியூபர்ட் வில்கின்ஸ் (அக்டோபர் 31, 1888 – நவம்பர் 30, 1958) ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த துருவ ஆய்வாளரும், வான்பயண முன்னோடியும், ஒளிப்படக் கலைஞரும், இயற்கையியலாளரும் ஆவார். ஆர்க்டிக் பெருங்கடலை அமெரிக்கப் பக்கத்திலிருந்து ஐரோப்பியப் பக்கத்திற்கு விமானத்தில் கடந்த முதல் இருவருள் இவர் ஒருவர். அண்டார்க்டிகாவில் முதன்முதலாக விமானத்தைப் பறக்கவிட்ட குழுவிற்கும் இவரே தலைவர். பனிக்கட்டியின் மீது விமானத்தை இறக்குவதும் ஏற்றுவதும் இவருடைய வாழ்நாள் முழுவதும் தொடர்ந்த சிக்கலாக இருந்தன. இன்று அண்டார்க்டிகாவில் ஏர்பஸ் பயணிகள் விமானம் இறங்கும் பனி ஓடுதளம் ஒன்று இவர் பெயரால் வழங்குகிறது.

பிறப்பும் இளமையும்

வில்கின்ஸ் தெற்கு ஆஸ்திரேலியாவில் உள்ள மவுண்ட் பிரையன் ஈஸ்ட் என்னும் சிற்றூரில் ஒரு வேளாண் குடும்பத்தில் பிறந்தார். பதின்மூன்று பிள்ளைகளில் இவரே கடைக்குட்டி. மழை குறைந்த அப்பகுதியில் குடும்பம் ஆடு வளர்த்தும் பயிரிட்டும் வாழ்ந்தது. இவரது சிறுவயதில் ஏற்பட்ட கடும் வறட்சியில் கால்நடைகள் மடிந்தன. பல குடும்பங்கள் நிலத்தை விட்டு வெளியேறின. வறட்சி வருவதை முன்கூட்டியே அறிய இயலுமா என்ற கேள்வி அப்போதே இவர் மனத்தில் பதிந்தது. உலகின் வானிலையைப் புரிந்துகொள்ளத் துருவங்களின் வானிலையை அறிய வேண்டும் என்று பின்னாளில் இவர் கொண்ட கருத்துக்கு இதுவே அடிப்படை.

அடிலெய்டு நகரில் பொறியியலும் இசையும் பயின்ற இவர், 1908 ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவை விட்டுப் புறப்பட்டு இங்கிலாந்தை அடைந்தார். அங்கு செய்தியாளராகவும், கோமான்ட் திரைப்பட நிறுவனத்தின் ஒளிப்பதிவாளராகவும் பணியாற்றினார். விமானம் ஓட்டவும் கற்றுக்கொண்டார். 1912 இல் பால்கன் போரைத் துருக்கியப் படைகளின் பக்கமிருந்து படமெடுத்தார்.

1913 முதல் 1916 வரை வில்ஜால்மர் ஸ்டெபான்சன் தலைமையிலான கனடிய ஆர்க்டிக் பயணத்தில் ஒளிப்படக் கலைஞராகப் பங்கேற்றார். பனியில் நடக்கவும், பனிவீடு கட்டவும், வேட்டையாடி உயிர் வாழவும் இப்பயணத்தில்தான் கற்றுக்கொண்டார். கால்நடையாகவும் நாய்வண்டியிலும் பல மாதங்கள் எடுக்கும் தொலைவை விமானத்தில் சில மணி நேரத்தில் கடக்கலாம் என்ற எண்ணமும் இக்காலத்தில் வலுப்பெற்றது.

முதல் உலகப் போர்

1917 இல் ஆஸ்திரேலிய வான்படையில் சேர்ந்தார். நிறக்குருடு காரணமாக இவர் விமானியாக ஏற்றுக்கொள்ளப்படவில்லை. 1918 இல் அதிகாரபூர்வப் போர் ஒளிப்படக் கலைஞராக நியமிக்கப்பட்டு, மேற்குப் போர்முனையில் பணியாற்றினார். ஆயுதம் ஏந்தாமல் முன்னணி அகழிகளுக்குச் சென்று படமெடுத்த இவருக்கு இராணுவச் சிலுவை விருது இருமுறை வழங்கப்பட்டது. இரண்டாம் விருது, அதிகாரிகளை இழந்து நின்ற அமெரிக்க வீரர்களை வழிநடத்தியதற்காகக் கிடைத்தது.

1919 இல் இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவிற்கு நடந்த விமானப் போட்டியில் பங்கேற்றார். எந்திரக் கோளாறால் இவரது விமானம் கிரீட் தீவில் தரையிறங்கி நொறுங்கியது, யாரும் உயிரிழக்கவில்லை. 1921–22 இல் எர்னெஸ்ட் சாக்கில்டனின் இறுதிப் பயணத்தில் இயற்கையியலாளராகச் சென்றார். 1923 முதல் 1925 வரை பிரித்தானிய அருங்காட்சியகத்திற்காக வடக்கு ஆஸ்திரேலியாவில் விலங்கு, தாவர மாதிரிகளைத் திரட்டினார். அப்போது பழங்குடி மக்கள் நடத்தப்பட்ட முறையைக் கண்டித்தும் எழுதினார்.

பனியில் விமானம் இறங்குவதன் சிக்கல்

1920களில் துருவப் பகுதிகளில் விமானத்தைப் பறக்கவிடுவதைக் காட்டிலும் இறக்குவதே கடினமாக இருந்தது. கடலின் மேற்பரப்பில் உறைந்த பனிக்கட்டி காற்றாலும் நீரோட்டத்தாலும் பிளந்து, ஒன்றன்மேல் ஒன்று ஏறி, மேடு பள்ளமாகக் கிடக்கும். மேலிருந்து பார்க்கும்போது எல்லாம் வெண்மையாகத் தோன்றுவதால் மேடு எது, பள்ளம் எது என்று விமானியால் அறிய முடியாது. மேற்பரப்பு சமமாக இருந்தாலும் பனிக்கட்டியின் தடிமன் எடையைத் தாங்குமா என்பதும் தெரியாது.

1925 இல் ரோல்ட் அமுன்ட்சென் தலைமையிலான ஆறு பேர், இரண்டு பறக்கும் படகுகளில் வட முனையை நோக்கிச் சென்று, ஏறத்தாழ 88 பாகை வட அகலக்கோட்டில் இறங்கினர். ஒரு விமானத்தைக் கைவிட நேர்ந்தது. மற்றதை மேலேற்றுவதற்காக மூன்று வாரங்களுக்கும் மேலாகப் பனிக்கட்டியை வெட்டியும் மிதித்தும் ஓடுபாதை அமைத்தனர். அவர்கள் அமைத்த பாதைகள் பலமுறை பிளந்து வீணாயின. இறுதியில் ஜூன் 15 அன்று ஆறு பேரும் ஒரே விமானத்தில் மீண்டனர். வில்கின்ஸ் தம் முதல் ஆர்க்டிக் வான்பயணத்தைத் திட்டமிட்டது இந்நிகழ்வுக்கு அடுத்த ஆண்டில் ஆகும்.

ஆர்க்டிக் பறப்புகள்

1926 இல் டெட்ராய்ட் நகர மக்களின் நிதியுதவியுடன் அலாஸ்காவுக்கு இரண்டு பாக்கர் விமானங்களைக் கொண்டு சென்றார். சோதனைப் பறப்புகளின்போது இரண்டும் சேதமுற்றன. இவற்றுள் ஒன்றைப் பின்னர் சார்லஸ் கிங்ஸ்போர்ட் சுமித் விலைக்கு வாங்கினார். 1928 இல் பசிபிக் பெருங்கடலைக் கடந்த சதர்ன் கிராஸ் என்னும் புகழ்பெற்ற விமானம் அதுவே.

1927 மார்ச் 29 அன்று வில்கின்சும் விமானி கார்ல் பென் எய்ல்சனும் பாரோ முனையிலிருந்து வடமேற்காகக் கடற்பனியின் மீது பறந்தனர். எந்திரம் பழுதானதால் கரையிலிருந்து பல நூறு கிலோமீட்டர் தொலைவில் மிதக்கும் பனிக்கட்டியின் மீது இறங்கினர். எய்ல்சன் எந்திரத்தைச் சீர்செய்தபோது, வில்கின்ஸ் பனியில் துளையிட்டு எதிரொலி முறையில் கடலின் ஆழத்தை அளந்தார். அப்பகுதியில் நிலம் இருக்கலாம் என்று பலர் நம்பிய காலம் அது. அங்கு ஆழ்கடலே உள்ளது என்பதை இவ்வளவீடு காட்டியது. திரும்பும் வழியில் எரிபொருள் தீர்ந்து, இரவில், பனிப்புயலுக்கு நடுவே மீண்டும் பனிக்கட்டியில் இறங்க நேர்ந்தது. புயல் ஓயும் வரை விமானத்திற்குள் தங்கியிருந்து, பின்னர் பல நாட்கள் பிளவுபட்ட பனியின் மீது நடந்தும் தவழ்ந்தும் கரை சேர்ந்தனர். கடுங்குளிரால் எய்ல்சன் ஒரு விரலை இழந்தார். கனடிய ஆர்க்டிக் பயணத்தில் வில்கின்ஸ் கற்ற பனிவாழ்க்கையே இருவரின் உயிரையும் காத்தது.

1928 ஏப்ரல் 15 அன்று இருவரும் சறுக்குக் கட்டைகள் பொருத்திய லாக்ஹீட் வேகா விமானத்தில் பாரோ முனையிலிருந்து புறப்பட்டனர். உள்ளூர் இனுப்பியாக் மக்களின் உதவியுடன் பனியில் ஒரு நீண்ட குறுகிய பாதை வெட்டப்பட்டிருந்தது. சுமார் 3,500 கிமீ தொலைவை 20 மணி நேரத்திற்குச் சற்று மேற்பட்ட நேரத்தில் பறந்து, ஸ்பிட்ஸ்பெர்கன் அருகே ஆளில்லாத தீவு ஒன்றில் புயலுக்கிடையே இறங்கினர். அங்கு சில நாட்கள் சிக்கிக் கிடந்தனர். மீண்டும் புறப்படும்போது சறுக்குக் கட்டைகள் பனியில் ஒட்டிக்கொண்டன. வில்கின்ஸ் வெளியே நின்று விமானத்தைத் தள்ளிவிட்டு, நகரும் விமானத்தில் ஏற வேண்டியிருந்தது. முதல் முயற்சியில் அவர் கீழேயே விடுபட்டார். எய்ல்சன் திரும்பி வந்து இறங்கி, மறுபடி முயன்ற பின்னரே இருவரும் புறப்பட முடிந்தது. இப்பயணத்திற்காக அதே ஆண்டு ஜூன் மாதத்தில் பிரித்தானிய அரசர் ஐந்தாம் ஜார்ஜ் இவருக்குச் சர் பட்டம் அளித்தார்.

அண்டார்க்டிகா

1928 நவம்பரில் வில்லியம் ரண்டால்ப் ஹர்ஸ்ட் என்ற அமெரிக்கப் பத்திரிகை அதிபரின் நிதியுதவியுடன் வில்கின்ஸ் இரண்டு வேகா விமானங்களுடன் டிசெப்சன் தீவை அடைந்தார். எரிமலை வாயில் கடல் புகுந்து உருவான இத்தீவின் உட்குடாவில் உறைந்த பனியை ஓடுதளமாகப் பயன்படுத்துவதே இவரது திட்டம். ஆனால் அவ்வாண்டு பனிக்கட்டி எதிர்பார்த்த தடிமனில் உறையவில்லை. நவம்பர் 16 அன்று எய்ல்சனும் இவரும் சுமார் 20 நிமிடங்கள் பறந்தனர். இதுவே அண்டார்க்டிகாவில் நிகழ்ந்த முதல் விமானப் பறப்பாகும்.

பனிக்கட்டி நம்பகமாக இல்லாததால், எரிமலைச் சாம்பல் படிந்த தரையில் கற்களை அகற்றி, மேடு பள்ளங்களைச் சமன்செய்து, வளைவுகள் கொண்ட ஏறத்தாழ 800 மீட்டர் நீளப் பாதை ஒன்று அமைக்கப்பட்டது. சறுக்குக் கட்டைகளுக்குப் பதிலாகச் சக்கரங்கள் பொருத்தப்பட்டன. டிசம்பர் 20 அன்று இப்பாதையிலிருந்து புறப்பட்டு, அண்டார்க்டிகத் தீபகற்பத்தின் வழியாகத் தெற்கே 71 பாகை அகலக்கோடு வரை பறந்து திரும்பினர். அதுவரை எவரும் கண்டிராத நிலப்பரப்பு முதன்முறையாக வானிலிருந்து வரையப்பட்டதும் இப்பறப்பில்தான்.

தீபகற்பத்தைக் கால்வாய்கள் பல தீவுகளாகப் பிரிக்கின்றன என்று வில்கின்ஸ் முடிவு செய்தார். இது தவறு என்பதை 1934–37 இல் ஜான் ரைமில் தலைமையில் சென்ற பிரித்தானியக் குழு நிறுவியது. கால்வாய்களாகத் தோன்றியவை பனியாறுகள் நிறைந்த பள்ளத்தாக்குகளே. இறங்கிப் பார்க்க இயலாமல் வானிலிருந்து மட்டும் வரைந்ததே இப்பிழைக்குக் காரணம்.

1929 நவம்பரில் சைபீரியக் கரையில் பனியில் சிக்கிய கப்பலொன்றுக்கு உதவச் சென்ற எய்ல்சன் விமான விபத்தில் உயிரிழந்தார்.

நாட்டிலஸ் நீர்மூழ்கி

பனிக்கட்டியின் மீது இறங்குவது ஆபத்தானது என்பதால், அதன் அடியில் செல்லும் முயற்சியிலும் வில்கின்ஸ் ஈடுபட்டார். 1931 இல் அமெரிக்கக் கடற்படையின் பழைய நீர்மூழ்கிக் கப்பல் ஒன்றைப் பெற்று, நாட்டிலஸ் என்று பெயரிட்டு ஆர்க்டிக்குச் சென்றார். கடலியலாளர் ஹரால்ட் ஸ்வெர்ட்ரப் அறிவியல் குழுவுக்குத் தலைமை தாங்கினார். வழியிலேயே எந்திரங்கள் பழுதாயின. மூழ்குவதற்கு உதவும் பின்பக்கச் சுக்கான்கள் காணாமல் போயிருந்தன. எனினும் பனியின் விளிம்பில் சிறிது தூரம் அடியில் சென்று, 82 பாகை வட அகலக்கோட்டைத் தாண்டி அளவீடுகள் செய்தனர். வட முனையை அடைய இயலவில்லை. நீர்மூழ்கியால் பனியின் அடியில் செல்ல முடியும் என்பது மட்டும் உறுதியானது.

எல்ஸ்வர்த் பயணங்கள்

1933 முதல் 1939 வரை அமெரிக்கரான லிங்கன் எல்ஸ்வர்த்தின் நான்கு அண்டார்க்டிகப் பயணங்களுக்கு வில்கின்ஸ் மேலாளராக இருந்தார். 1934 ஜனவரியில் திமிங்கில விரிகுடாவில் கடற்பனியின் மீது நிறுத்தப்பட்டிருந்த எல்ஸ்வர்த்தின் விமானம், அடியில் பனி பிளந்ததால் சேதமடைந்தது. அப்பருவம் முழுவதும் வீணானது. 1935 நவம்பரில் எல்ஸ்வர்த்தும் விமானி ஹெர்பர்ட் ஹாலிக்-கென்யனும் டண்டி தீவிலிருந்து புறப்பட்டு, வானிலை மோசமானபோதெல்லாம் உட்பகுதிப் பனிப்பரப்பில் இறங்கிக் காத்திருந்து, கண்டத்தைக் கடந்தனர். கண்டத்தின் உட்பகுதியில் விமானம் இறங்கி மீண்டும் ஏற முடியும் என்பதை இப்பயணம் காட்டியது.

1937–38 இல் வட முனைக்கு அருகே காணாமல் போன சோவியத் விமானி லெவனெவ்ஸ்கியைத் தேடும் பணியில் வில்கின்ஸ் பல மாதங்கள் ஈடுபட்டார். குளிர்கால இருளில் நிலவொளியில் பறந்தும் தேடினார். காணாமல் போனவர்கள் கிடைக்கவில்லை.

இறுதிக் காலம்

இரண்டாம் உலகப் போர் முதல் இறப்பு வரை, குளிர்ப்பகுதி உடை, உணவு, உயிர்காப்பு முறைகள் குறித்து அமெரிக்க இராணுவத்திற்கு ஆலோசகராகப் பணியாற்றினார். 1957–58 கோடையில் அமெரிக்கக் குழுவினருடன் மீண்டும் அண்டார்க்டிகா சென்றார். அதே பருவத்தில், 1957 அக்டோபரில், பான் அமெரிக்கன் நிறுவனத்தின் போயிங் ஸ்ட்ராட்டோகுரூசர் விமானம் மக்மர்டோவின் கடற்பனி ஓடுதளத்தில் இறங்கியது. அண்டார்க்டிகாவிற்கு வந்த முதல் வணிகப் பயணிகள் விமானம் அதுவாகும். முப்பது ஆண்டுகளுக்கு முன் ஒற்றை எந்திர விமானத்தைத் தாங்கப் பனி கிடைக்காமல் வில்கின்ஸ் அலைந்த கண்டத்தில் இம்மாற்றம் அவர் வாழ்நாளிலேயே நிகழ்ந்தது.

வில்கின்ஸ் 1958 நவம்பர் 30 அன்று அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பிரேமிங்காம் நகரில் காலமானார். 1959 மார்ச் 17 அன்று அமெரிக்க அணுசக்தி நீர்மூழ்கியான ஸ்கேட், வட முனையில் பனியைப் பிளந்து மேலெழுந்தது. அங்கு இவரது சாம்பல் தூவப்பட்டது.

வில்கின்ஸ் ஓடுதளம்

ஆஸ்திரேலியா கிழக்கு அண்டார்க்டிகாவில் உள்ள தன் கேசி ஆய்வு நிலையத்திற்கு விமானப் போக்குவரத்து தொடங்கியபோது, பனியாற்றின் மீது அமைத்த ஓடுதளத்திற்கு வில்கின்ஸ் பெயரைச் சூட்டியது. இது ஏறத்தாழ 4 கிமீ நீளமுடையது. கேசியிலிருந்து சுமார் 70 கிமீ தொலைவில், கடல் மட்டத்திலிருந்து 700 மீட்டருக்கும் மேல் உயரத்தில் உள்ளது. ஒப்பிட்டுச் சொன்னால், கடலூருக்கும் சிதம்பரத்திற்கும் இடைப்பட்ட சாலைத் தொலைவைப் போல் இது ஒன்றரை மடங்கு ஆகும். கரையருகே பனி கோடையில் உருகும் என்பதால்தான், நிலையத்தை விட்டு இவ்வளவு தள்ளி, குளிர் மிகுந்த உயரமான இடம் தேர்ந்தெடுக்கப்பட்டது.

2008 ஜனவரி 11 அன்று ஹோபார்ட் நகரிலிருந்து வந்த ஏர்பஸ் ஏ319 விமானம் இங்கு இறங்கியது. சக்கரங்கள் கொண்ட பெரிய விமானம் பனிக்கட்டியில் இறங்கப் பின்வரும் ஏற்பாடுகள் தேவைப்படுகின்றன:

- பனிக்கட்டி சீவிச் சமன்செய்யப்பட்டு, அதன் மேல் பனித்தூள் மெல்லிய படலமாக இறுக்கப்படுகிறது. வழுக்கும் பனிக்கட்டியில் சக்கரங்களுக்குப் பிடிமானம் தருவது இப்படலமே.
- விமானத்தின் எடையைத் தளம் தாங்குமா என்று கனமான உருளைகளைக் கொண்டு முன்கூட்டியே சோதிக்கப்படுகிறது.
- தரையிறங்கியபின் விமானத்தின் வேகத்தைக் குறைக்கச் சக்கரத் தடையை மட்டும் நம்பாமல், எந்திரங்களின் பின்னோக்கு உந்துதலும் பயன்படுத்தப்படுகிறது. ஓடுதளம் மிக நீளமாக இருப்பதும் இதற்காகவே.
- அங்கு இறங்க முடியாமல் போனால் திரும்புவதற்கு வேண்டிய எரிபொருளையும் விமானம் சுமந்து செல்கிறது. இதனால் ஏற்றும் பயணிகளின் எண்ணிக்கை குறைகிறது.

ஆயினும் இவ்வோடுதளம் ஆண்டு முழுவதும் பயன்படுவதில்லை. நடுக்கோடையில் சூரிய ஒளி பனிக்கட்டிக்குள் ஊடுருவி, மேற்பரப்புக்குச் சற்றுக் கீழே அதை உருகச் செய்கிறது. மேலிருந்து பார்க்கத் தளம் உறுதியாகத் தோன்றினாலும் சக்கரம் உள்ளே அழுந்தக்கூடும். எனவே அவ்வாரங்களில் பெரிய விமானங்கள் இறக்கப்படுவதில்லை. டேவிஸ் நிலையத்தின் அருகே பாறைத் தரையில் நிலையான ஓடுதளம் அமைக்கும் திட்டத்தை ஆஸ்திரேலியா 2021 இல் கைவிட்டது.

பிற பனி ஓடுதளங்களில் இதைவிடப் பெரிய விமானங்களும் இறங்கியுள்ளன. 2021 நவம்பரில் உல்ப்ஸ் பேங் ஓடுதளத்தில் ஏர்பஸ் ஏ340 விமானமும், 2023 நவம்பரில் நார்வேயின் டிரோல் நிலையத்தில் போயிங் 787 விமானமும் இறங்கின. இந்தியாவின் மைத்ரி நிலையத்திற்குச் செல்லும் அறிவியலாளர்கள் கேப் டவுனிலிருந்து பறந்து, ரஷ்யாவின் நோவோலாசரெவ்ஸ்கயா நிலையத்தின் பனி ஓடுதளத்தில் இறங்குகின்றனர்.

வறட்சி முன்னறிவிப்பும் தமிழ்நாடும்

வில்கின்ஸ் தம் பயணங்களின் நோக்கம் சாதனை அன்று, வானிலை அறிவே என்று கருதினார். இரு துருவங்களையும் சுற்றி வானிலை நிலையங்கள் அமைத்து, அவற்றின் அளவீடுகளை ஒன்றுதிரட்டினால் வறட்சியைப் பல மாதங்களுக்கு முன்பே கணிக்கலாம் என்பது அவர் கொள்கை. நிலையங்கள் அமைக்க விமானம் இறங்கும் இடங்கள் வேண்டும். பனிக்கட்டியின் மீது ஓடுதளங்களைத் தேடியதற்கு இதுவே காரணம்.

இக்கேள்வி தமிழ்நாட்டிற்கும் தொடர்புடையது. 1876–78 ஆம் ஆண்டுகளின் பெரும் பஞ்சம் சென்னை மாகாணத்தில் பல இலட்சம் உயிர்களைப் பலிகொண்டது. இந்தியாவிலும் ஆஸ்திரேலியாவிலும் கடும் வறட்சி பெரும்பாலும் ஒரே காலத்தில் வருகிறது என்பதை அடிலெய்டில் பணியாற்றிய வானிலையாளர் சார்லஸ் டாட் 1888 இல், அதாவது வில்கின்ஸ் பிறந்த ஆண்டில், சுட்டிக்காட்டினார். பின்னர் இந்திய வானிலைத் துறையின் தலைவராக இருந்த கில்பர்ட் வாக்கர், இதற்கு அடிப்படையான தெற்கத்திய அலைவு என்னும் காற்றழுத்த மாற்றத்தை விளக்கினார்.

காவிரிப் பாசனத்தின் கடைமடையில் உள்ள சிதம்பரம், காட்டுமன்னார்கோவில் வட்டங்கள் இத்தகைய மாற்றங்களை நேரடியாக உணர்பவை. குடகில் தென்மேற்குப் பருவமழை குறைந்தால் மேட்டூர் அணை நிரம்புவதில்லை. கொள்ளிடத்தின் கீழணைக்கும் அதிலிருந்து வடவாறு வழியாக வீராணம் ஏரிக்கும் வரும் நீர் குறைகிறது. கடலூர் கரையோரத்திலோ 2015 இல் நிகழ்ந்தது போல, வடகிழக்குப் பருவமழை மிகுந்து வெள்ளமாவதும் உண்டு. துருவப் பனிக்கும் பருவமழைக்கும் இடையே உள்ள தொடர்பு குறித்துக் கோவாவில் உள்ள தேசியத் துருவ, பெருங்கடல் ஆராய்ச்சி மையம் உள்ளிட்ட நிறுவனங்கள் ஆய்வு செய்கின்றன. வில்கின்ஸ் எதிர்பார்த்த அளவுக்குத் துல்லியமான நீண்டகால முன்னறிவிப்பு இன்னும் கைகூடவில்லை.

நினைவுகள்

மவுண்ட் பிரையன் ஈஸ்டில் இவர் பிறந்து வளர்ந்த கல்வீடு சீரமைக்கப்பட்டுள்ளது. அண்டார்க்டிகாவில் ஒரு கடற்கரைப் பகுதியும், வில்கின்ஸ் பனியடுக்கும் இவர் பெயரைத் தாங்கியுள்ளன. இவர் பெயரிலான ஓடுதளத்தில் முதல் பயணிகள் விமானம் இறங்கிய 2008 ஆம் ஆண்டிலேயே, பிப்ரவரி இறுதியில், கண்டத்தின் மறுபுறத்தில் உள்ள வில்கின்ஸ் பனியடுக்கின் ஒரு பகுதி உடையத் தொடங்கியது. 2009 ஏப்ரலில் அதைத் தாங்கியிருந்த பனிப்பாலமும் முறிந்தது.